பெட்டிக்குள் இருக்கும் ஆபரேட்டர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

கணிப்பொறியில் படம் ஓடுகிறது என்கிறோம். கைப்பேசியிலும் படம் ஓடுகிறது என்கிறோம். பழக்கத்தின் வலிமை அத்தகையது! திரையரங்குகளில் புரொஜக்டர் இருந்த காலத்தில் உண்மையாகவே ஒன்று ஓடியது. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருள், வினாடிக்கு ஒன்றரை அடி வீதம், நிமிடத்துக்கு 90 அடி வீதம், மேல் ரீலிலிருந்து கீழ் ரீலுக்கு ஓடியது. அதன் 'கடகட' ஓசையைக் கடைசி வரிசையில் அமர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். இன்றோ மேசைமேல் இருக்கும் பெட்டிக்குள் ஓடும் பொருள் என்று எதுவும் இல்லை. இருப்பவை எண்கள். அந்த எண்களை எடுத்து, பிரித்து, படமாக்கி, உரிய கணத்தில் திரைக்கு அனுப்புவது யார்? ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று நாம் பாடமாகப் படிக்கும் இயக்க அமைப்பும், அதன் மேற்பார்வையில் வேலை செய்யும் சில நிரல்களும்தாம்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் பேராசிரியர் எவரும் அல்லர், என் தந்தையார். எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர். எங்கள் ஊர்த் திரையரங்கில் 19 ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவர். 2012-இல் அங்கே டிஜிட்டல் பெட்டி வந்தது. இரண்டு புரொஜக்டர்களும் பழைய இரும்பாக எடைக்குப் போயின. அந்த ஆண்டிலேயே கோடாக் நிறுவனம் கடன் தாளாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கோரியது. அடுத்த ஆண்டு ஃபியூஜி நிறுவனம் திரையரங்குகளுக்கான படச்சுருள் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆக, ஊர் உலகம் எங்கும் ஒரே கதைதான் என்று அப்பாவுக்கு நான் ஆறுதல் சொல்லலாம். ஆனால் அது ஆறுதல் ஆகாது. இப்போது அவர் ஓர் அரிசி ஆலையில் இரவுக் காவலர். அதன்பின் எந்தத் திரையரங்கிற்குள்ளும் அவர் போனதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணினி அறிவியல் கிடைத்திருக்கிறது என்று சேர்க்கை முடிந்து வந்து சொன்ன அன்று அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "என்னய எடுத்துட்டு ஒரு பொட்டிய வெச்சாங்களே, அந்தப் பொட்டிக்குள்ள ஆபரேட்டர் யாரு கண்ணு?" அதில் கோபம் இல்லை. தொழில் தெரிந்தவரின் ஐயம் அது. மூன்றாம் பருவத்தில் இயக்க அமைப்புத் தாளைப் படித்த பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. எங்கள் பாடத்தில் இந்தப் பகுதிக்குக் கிடைப்பது இரண்டு மதிப்பெண் வினா ஒன்றுதான். நூலகத்தில் இருக்கும் டானென்பாமின் பழைய பதிப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. தேர்வுக்கு வராது என்று யாரும் புரட்டாத அத்தியாயம்!

முதலில் ஆபரேட்டர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். படச்சுருள் வழுக்கிக்கொண்டே போனால் திரையில் கோடுகள்தாம் தெரியும். ஒவ்வொரு கட்டமும் விளக்கின்முன் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். பின் சட்டென்று அடுத்த கட்டம் இறங்க வேண்டும். இதைச் செய்வது நான்கு பள்ளங்கள் கொண்ட சிலுவை வடிவச் சக்கரம். கட்டம் இறங்கும் நேரத்தில் ஷட்டர் ஒளியை மறைக்கிறது. நிற்கும் நேரத்திலும் ஒருமுறை மறைக்கிறது. இல்லையேல் வினாடிக்கு 24 முறை மினுக்குவது கண்ணை உறுத்தும், 48 ஆனால் உறுத்தாது. ஒலியின் சங்கதி வேறு. அது சுருளின் ஓரத்தில் கோடாக இருக்கிறது. நின்று நின்று போனால் பாட்டு விக்கல் எடுக்கும். ஆகவே ஒலியைப் படிக்கும் இடத்தைப் படவாயிலிலிருந்து ஏறத்தாழ 20 கட்டங்கள், அதாவது ஒன்றேகால் அடி, தள்ளி வைத்து, இடையே சுருளைத் தளர்வாக ஒரு வளைவு விடுகிறார்கள். மேலே படம் நின்று நின்று போகும். கீழே ஒலி வழுக்கிக்கொண்டு போகும். அந்த வளைவை இரண்டு கட்டம் அதிகமாக விட்டுவிட்டால் வாய் அசைந்த பிறகு வசனம் வரும். அப்பா அதைக் காதாலேயே அளப்பார்.

படம் நின்று நின்று போகலாம், ஒலி நிற்கவே கூடாது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே! கணிப்பொறிக்குள்ளும் இதே விதிதான் ஆட்சி செய்கிறது.

இனி பெட்டிக்குள் நுழைவோம். முழுத் தெளிவுள்ள ஒரு படக்கட்டத்தில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள், பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள். வினாடிக்கு 24 கட்டங்கள். ஆக ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 14 கோடியே 93 லட்சம் பைட்டுகள்! இரண்டரை மணி நேரப் படத்துக்கு 1,340 ஜிகாபைட்டுக்கு மேல். ஆனால் கடையில் பென்டிரைவில் ஏற்றித் தரும் படம் இரண்டு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறதே, எப்படி? மீதி எங்கே போயிற்று?

முதல் சிக்கனம் நம் கண்ணின் குறையில் பிறக்கிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் நுணுக்கமாகக் காண்கிறது. நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகக் காண்பதில்லை. எனவே ஒளியளவை எல்லாப் புள்ளிகளுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என வைக்கிறார்கள். இதிலேயே பாதி குறைந்துவிடுகிறது. அடுத்தது கணிதம். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்தால், ஒரு சதுரத்துக்குள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வானத்தில் ஒரு சதுரத்தை எடுத்தால் முழுதும் நீலம். ஆகவே புள்ளி புள்ளியாகச் சொல்லாமல், 'சராசரி இவ்வளவு, மெதுவான மாற்றம் இவ்வளவு, வேகமான மாற்றம் இவ்வளவு' என்று கொசைன் அலைகளின் கூட்டாகச் சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய மாற்றங்களை விட்டுவிடலாம்.

இம்முறையை எண்ணியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972-இல் இந்த ஆய்வுக்கு அந்நாட்டு அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார்; கிடைக்கவில்லை. ஆயினும் விடவில்லை. தம் மாணவர் நடராஜனையும், கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற பேராசிரியர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். இன்று நாம் காணும் ஒளிப்படங்களிலும் காணொளிகளிலும் மிகப் பெரும்பாலானவை அந்தச் சில பக்கங்களின் வழிவந்தவை. நம் பாடப்புத்தகங்களில் இம்மூவரின் பெயரும் இல்லாதது எனக்கு வருத்தமே.

மூன்றாம் சிக்கனம்தான் அப்பாவைத் திகைக்க வைத்தது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே 24-இல் ஒரு பங்கு வினாடி. அதற்குள் என்ன மாறிவிடப் போகிறது? கதாநாயகன் கை சற்று உயர்ந்திருக்கும். பின்னால் உள்ள சுவர் அப்படியே இருக்கும். எனவே எப்போதாவது ஒரு முழுப்படத்தை வைத்துவிட்டு, அதன்பின், 'சுவர் முன்போலவே. கை இருந்த சதுரம் இத்தனை புள்ளி மேலே' என்று மாற்றத்தை மட்டும் குறித்துவைக்கிறார்கள். சில படங்கள் முன்னால் உள்ளதையும் பின்னால் வரப்போவதையும் சேர்த்துப் பார்த்தே வரையப்படுகின்றன. பின்னால் வருவதை முதலில் வரைந்தால்தானே அதைப் பார்க்க முடியும்? ஆகவே கோப்பில் படங்கள் காட்டும் வரிசையில் இருப்பதில்லை. முதல் படம், நான்காம் படம், பிறகு இரண்டாம் படம், மூன்றாம் படம் என்று மாறிக் கிடக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு நேரங்கள் எழுதியிருக்கும்: என்னை இந்த நேரத்தில் வரை, இந்த நேரத்தில் காட்டு!

"ரீல் மாத்திப் போட்டா சனங்க நாற்காலியத் தூக்கி எறிவாங்க, இங்க ஒவ்வொரு படமுமே மாறிக் கெடக்குதா?" என்றார் அப்பா. ஒட்டு வைக்கும் விஷயத்திலும் அவருக்குக் கவலை. படச்சுருள் அறுந்தால் இரண்டு கட்டத்தை வெட்டி ஒட்டிவிடலாம்; பார்ப்பவருக்கு ஒரு துள்ளலோடு போய்விடும். எண்களாலான படத்தில் ஒரு முழுப்படம் கெட்டுப்போனால், அதை நம்பியிருக்கும் அடுத்த படங்கள் எல்லாம் மாவு கரைத்ததுபோல் குழம்பி, அடுத்த முழுப்படம் வரும்வரை சீராகா. நாமெல்லாம் இதைப் பார்த்திருக்கிறோம். காரணம் இதுதான்.

இப்போது இயக்க அமைப்பின் வேலைக்கு வருவோம். வட்டிலிருந்து கோப்பைப் படிக்கும்போது, கேட்டதற்கு மேல் சற்று முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நிரல் அதிலிருந்து ஒலித்துண்டையும் படத்துண்டையும் பிரித்துத் தனித்தனி வரிசையில் நிறுத்துகிறது. படத்துண்டை விரித்து வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் 42 மில்லிவினாடிக்கும் குறைவு. அந்தக் காலத்தில் செயலி வேறு எத்தனையோ வேலைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்: சுட்டி அசைகிறது, ஒரு கோப்பு இறங்குகிறது, பின்னணியில் ஏதோ புதுப்பித்துக்கொள்கிறது. யாருக்கு முதலில் நேரம் தருவது என்று தீர்மானிப்பது இயக்க அமைப்பே. விண்டோஸ் வழக்கமாகக் கடிகாரத்தைப் பார்ப்பது ஏறத்தாழ 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை. திரைப்படத்துக்கு அது போதாது என்பதால் படம் காட்டும் நிரல்கள் இன்னும் அடிக்கடி பார்க்கும்படி கேட்டுக்கொள்ளும். 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து, ஒலி, ஒளி நிரல்களுக்கு முன்னுரிமை தருவதற்கென்றே அதில் ஒரு தனிப் பணிப்பகுதி இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு படம் தாமதமாகிவிட்டால்? அப்பா உடனே கேட்ட கேள்வி இதுதான். கணக்கில் தாமதமாக வந்த சரியான விடைக்கும் மதிப்பெண் உண்டு. இங்கே கிடையாது. நேரம் தவறிய படத்தை, எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், நிரல் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. படத்துக்காக ஒலி காத்திருப்பதில்லை. ஒலியைத்தான் படம் துரத்துகிறது. ஒலி அட்டை வினாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளைத் தன் கடிகாரப்படி விழுங்கிக்கொண்டே இருக்கும். 'இதுவரை எத்தனை மாதிரி போயிற்று?' என்று அதைக் கேட்டுத்தான் இப்போது மணி என்ன என்பதைப் படம் காட்டும் நிரல் அறிந்துகொள்கிறது. காரணம், ஒரு படம் விடுபட்டால் கண் மன்னித்துவிடும். ஒலியில் ஒரு கணம் அறுந்தால் 'டக்' என்று காதில் விழும்.

ஒலியும் படமும் எவ்வளவு விலகலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்வர்; பிந்தினால் 125 மில்லிவினாடிவரை தெரியாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? ஏரிக்கு அக்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும். ஓசை பிறகு வரும். பிந்தி வரும் ஓசைக்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். அடிக்குமுன் ஓசை கேட்ட அனுபவம் யாருக்கு உண்டு?

கடைசிக் கட்டம் திரை. பழைய திரையரங்கில் இரண்டு புரொஜக்டர்கள் இருக்கும். ஒன்றில் 2,000 அடி ரீல் ஓடும் 22 நிமிடத்துக்குள் மற்றொன்றில் அடுத்த ரீலைக் கோத்து, கார்பன் குச்சிகளைச் சரிசெய்து, தயாராக நிற்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னும். மோட்டாரைப் போட வேண்டும். சில வினாடி கழித்து இரண்டாம் வட்டம், மாற்றிவிட வேண்டும். கோப்பதை மக்கள் ஒருபோதும் காணக் கூடாது. கணிப்பொறியும் நினைவகத்தில் இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு இதையே செய்கிறது. ஒன்று திரையில் தெரிகையில் மற்றொன்றில் அடுத்த படம் வரையப்படுகிறது. திரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை புதுப்பித்து முடிந்ததும் ஒரு சமிக்ஞை வரும். அந்தக் கணத்தில் இரண்டையும் மாற்றிவிடும். அந்தச் சமிக்ஞைக்குக் காத்திராமல் மாற்றினால் மேற்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமுமாகத் திரை கிழிந்ததுபோல் தோன்றும். 22 நிமிடத்துக்கு ஒருமுறை அப்பா செய்த மாற்றத்தை இது வினாடிக்கு 24 முறை செய்கிறது, அவ்வளவே.

ஆனால் ஒரு குறை உண்டு. பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிப்பவை. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரைப் புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாதே! எனவே ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்த படத்தை இரண்டு முறையும் காட்டுகிறார்கள். நான் இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவோ எங்கள் வீட்டு மடிக்கணினியில் முதன்முறை படம் பார்த்தபோதே, கேமரா அகலமாகத் திரும்பும் இடத்தில், "லேசாத் தட்டுதே" என்றார். அக்காவும் அம்மாவும் எதுவும் தெரியவில்லை என்றார்கள்.

அந்த மடிக்கணினி அக்கா பனியன் கம்பெனியில் வேலை செய்து, எனக்காகப் பழையதாக வாங்கித் தந்தது. அதில் சில படங்கள் வழவழவென்று ஓடும்; சில திக்கும். வேறுபாடு படத்தில் இல்லை. சுருக்கிய முறையில் இருக்கிறது. 2003-இல் வந்த எச்.264 முறையை விரிப்பதற்கென்றே அதன் சில்லில் தனிச் சுற்று உண்டு. இயக்க அமைப்பு அந்தச் சுற்றிடம் துண்டுகளை ஒப்படைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். 2013-இல் வந்த எச்.265-க்கு அதில் சுற்று இல்லை. செயலியே எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். விசிறி இரையும், படங்கள் விடுபடும்; ஆனால் பாட்டு மட்டும் அறுபடாது.

கணிப்பொறியில் படம் பார்ப்பது தொடக்கத்தில் இதைவிட மோசம். 1991 டிசம்பரில் ஆப்பிளின் குவிக்டைமும், 1992 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் வீடியோ நிரலும் வந்தபோது படம் தபால்தலை அளவே. 160-க்கு 120 புள்ளிகள். இன்று நம்மில் பலர் பயன்படுத்தும் வி.எல்.சி. நிரலோ பாரிசின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டம். கல்லூரி வலையமைப்பில் தொலைக்காட்சி பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை! 2001-இல் அதை உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதன் சின்னமான ஆரஞ்சுக் கூம்பு, சாலையில் வைக்கும் கூம்புதான். மாணவர்கள் செய்த வேலை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்த வி.எல்.சி.யில்தான் சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு பழைய படத்தைப் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. "சவுண்டு முன்னால போவுது. மூணு கட்டம் இருக்கும். லூப்ப ஏத்து" என்றார் அப்பா, பழக்கத்தில். எனக்குச் சற்று நேரம் பார்த்தும் தெரியவில்லை. அந்த நிரலில் ஒரு விசையைத் தட்டினால் ஒலி 50 மில்லிவினாடி பிந்தும். அவரையே தட்டச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டிப் பார்த்து, தலையசைத்து, எதிர் விசையால் ஒன்றைத் திரும்பக் குறைத்தார். 150 மில்லிவினாடி, கட்டக் கணக்கில் மூன்றரைக்குச் சற்று மேல். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு இடைவேளை வரும்வரை நின்றபடியே பார்த்தார். ஆபரேட்டர்கள் உட்கார்ந்து பார்ப்பதில்லை போலும்.

அன்றிரவு வேலைக்குக் கிளம்புமுன் இன்னொன்றும் சொன்னேன். முதற்காலக் கணிப்பொறிகளுக்கும் ஆபரேட்டர் என்றே ஆட்கள் இருந்தார்கள். துளையிட்ட அட்டைகளைக் கோப்பது, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததை ஏற்றுவது அவர்கள் பணி. இயந்திரம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது என்று, 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில், ஒரு வேலையை அடுத்து மற்றொன்றைத் தானே எடுத்துக்கொள்ளும் நிரலை ஐ.பி.எம். 704-க்கு எழுதினார்கள். நான் படிக்கும் பாடத்தின் தொடக்கம் அது; அதன் பெயரிலேயே ஆபரேட்டர் இருக்கிறார். அப்பா கேட்டுக்கொண்டார். "அந்த ஆளுங்க பொறவு என்ன பண்ணினாங்க?" என்றார். அதற்கு எந்த நூலில் விடை இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற மாதம் துறைக் கருத்தரங்கில் இதே பொருளைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்காக அப்பா தம் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு படச்சுருள் துண்டை எடுத்துத் தந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 31 கட்டங்கள், ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேல். ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். முதல் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒலி, அந்தக் கட்டத்துக்கு உரியதன்று. ஏறத்தாழ 20 கட்டம் தள்ளி, கதவு திறந்த பிறகு வருவது.